இரண்டு கயிறுகளுக்கு நடுவே

அவருடைய முகம் இப்போது முழுதாக நினைவுக்கு வர மறுக்கிறது. மூக்கு வருகிறது, கண் நழுவிவிடுகிறது. முதுகு மட்டும் அப்படியே இருக்கிறது. இடது தோள் வலதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்த முதுகு. வியர்வை முதலில் கழுத்துக்குக் கீழே சின்னத் தீவாகத் தோன்றும். முன்பாதி ஆட்டம் முடிவதற்குள் பனியன் முழுவதையும் பிடித்துவிடும். பனியனில் இருந்த ஆறாம் எண் துவைத்துத் துவைத்துப் பாதி உதிர்ந்து, தூண்டில் முள்ளைப் போல ஒரு வளைவு மட்டும் மிஞ்சியிருந்தது.

நான்கு வருடம் அந்த முதுகுக்குப் பின்னால் நின்றேன். திருவேட்டக்குடி மீனவர் கால்பந்து அணிக்கு நான் கோல்கீப்பர்.

மீனவன் இல்லை நான். தலத்தெருவில் வீடு, காரைக்காலில் ஒரு கல்லூரி நூலகத்தில் தற்காலிக வேலை. சாயங்காலம் சைக்கிளை மிதித்துக் கோட்டுச்சேரி தாண்டிக் கடலோரம் போய், சவுக்குத் தோப்பை ஒட்டிய மைதானத்தில் அவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அணித்தலைவர் என் உயரத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். "இங்க வாப்பா. நம்ம பயலுவ யாரும் கோல்ல நிக்க மாட்டேங்குறானுவ. பத்துப் பேரு ஓடயில ஒருத்தன் சும்மா நிக்கிறது கேவலமாம். நீ வெளியூரு ஆளு, ஒனக்கென்ன கேவலம்?" அப்படித்தான் நான் கீப்பர் ஆனேன். அன்றிலிருந்து என் பெயர் லைப்ரரி.

அந்த ஆறாம் எண்காரர் எங்கள் பின்கள ஆட்டக்காரர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டு முன்னால் நிற்பார். அந்த இடத்துக்கு எங்கள் அணியில் பெயர் கிடையாது. பந்து தன்னிடம் வருவதற்கு முன் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார். முதலில் வலது தோளுக்கு மேல், அப்புறம் இடது. அந்த இரண்டு பார்வையில் எனக்குக் கிடைத்த பக்கவாட்டு மூக்குதான் இன்று என்னிடம் மிச்சமிருக்கிறது.

டீக்கடையில்கூட அப்படித்தான். கிளாசைக் கையில் எடுப்பதற்கு முன் வலது, இடது.

"யாருண்ணே தொரத்திக்கிட்டு வர்றா?" என்று கிண்டல் செய்வார்கள்.

"யாருமில்ல. யாரு எங்க இருக்காங்கன்னு பாத்துக்கிட்டேன்" என்பார்.

சுனாமி அலை வந்த வருடத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பயம் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு முந்திய வருடமே நான் அணியில் சேர்ந்துவிட்டேன். அப்போதும் அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எங்கே எது வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். சோதிடமெல்லாம் இல்லை. ஒரு தடவை காரைக்கால் போகப் பேருந்துக்குக் காத்திருந்தோம். எல்லோரும் நிறுத்தத்தில் நிற்க, அவர் மட்டும் இருபது எட்டு தள்ளிப் போய் நின்றார். பேருந்து நேராக அவரிடம் போய் நின்றது. ஓடிப்போய் ஏறியபின் கேட்டேன்.

"எப்புடிண்ணே?"

"நேத்து மழ. ஸ்டாப்புல தண்ணி கெடக்கு. அங்கயா நிறுத்துவான்?"

எளிய விஷயம்தான். பதினைந்து பேர் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் நின்றிருந்தோம்.

கல்யாணப் பந்தியில் ரச வாளி அவர் கையில் இருந்தால், பந்தியில் யாருக்கும் 'ரசம்' என்று கூப்பிட வாய் திறக்க வேண்டியிருக்காது. கையைத் தூக்குவதற்குள் கரண்டி இலைக்கு மேல் இருக்கும். சாப்பிட்டு எழுந்தவர்கள் அல்வா வைத்தவனைப் பற்றிப் பேசுவார்கள். ரசம் யார் ஊற்றியது என்று கேட்டால் ரசம் ஊற்றினார்களா என்று யோசிப்பார்கள். ஊற்றியிருப்பார்.

அவருடைய மனைவி கூடையில் மீன் சுமந்து எங்கள் தெருப்பக்கம் விற்க வரும். ஒரு நாள் சொன்னது: "வீட்லயும் இதே கததான் தம்பி. பாலு பொங்கயில அடுப்புகிட்ட நிப்பாரு. புள்ள உருளயில கட்டில்கிட்ட நிப்பாரு. கூப்புட்டாதான் எங்க இருக்காருன்னு தெரியாது."

அவருடைய வாயிலிருந்து அடிக்கடி வந்த வாக்கியம் ஒன்றே ஒன்று. எதிரணிக்காரன் பந்தோடு சீறிக்கொண்டு வரும்போது, எங்கள் பையன்கள் பதறி நாலு பக்கமும் ஓடும்போது, நின்ற இடத்தில் நின்றபடி சொல்வார்: "வரட்டும். இங்கதான் வரும்."

வரும். பெரும்பாலும் அவர் காலடிக்கே வரும். பந்தைத் தட்டிப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட்டு, கைகளை இடுப்பில் வைத்துக்கொள்வார். கைதட்டல் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவனோடு போய்விடும்.

அவர் அங்கே நிற்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல அந்த அணியின் விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கடற்கரையில் கரைவலை இழுப்பார்கள். வலையைக் கடலுக்குள் அரை வட்டமாக விட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பது. ஒரு கூட்டம் வடக்குக் கயிறு, இன்னொன்று தெற்குக் கயிறு. யார் எந்தக் கயிறு என்பது அப்பன் காலத்திலேயே முடிவான விஷயம். கால்பந்து அணியையும் அப்படியே பிரித்துவிட்டார்கள். வடக்குக் கயிற்றுக்காரன் மைதானத்தின் வடக்கு ஓரத்தில் ஆடுவான், தெற்குக் கயிற்றுக்காரன் தெற்கு ஓரத்தில். அரைநேரம் முடிந்து பக்கம் மாறினாலும் வடக்குக்காரன் வடக்கை விட்டு அசைய மாட்டான். முன்பாதியில் இடது ஓரத்தில் ஓடியவன் பின்பாதியில் வலது ஓரத்தில் ஓடுவான்.

சேர்ந்த புதிதில் அணித்தலைவரிடம் கேட்டே விட்டேன். அவர் வடக்குக் கயிற்றுக்கு முன்னத்தி ஆள், தொண்டை கடலுக்குக் கேட்கும்.

"அண்ணே, சைடு மாறுனா நாமளும் மாறணும்ல?"

"சைடுதானப்பா மாறுது. வடக்கு மாறுதா?"

எந்த ஊர் மைதானத்தில் இறங்கினாலும் முதல் கேள்வி, "வடக்கு எது?" ஓர் இடத்தில் கோல் கம்பங்களே வடக்கிலும் தெற்கிலுமாக நட்டிருந்தார்கள். அன்று யார் எங்கே நிற்பது என்ற தகராறு தீர்வதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார்.

ஆறாம் எண்காரருக்குக் கயிறு கிடையாது. வலை இழுக்கும்போது அவர் வேலை தண்ணீருக்குள். இரண்டு கயிறுகளுக்கும் நடுவே மார்பளவு நீரில் நின்று தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டிருப்பார். அதனால் மைதானத்திலும் அவருக்கு வடக்கு இல்லை, தெற்கு இல்லை. "நீங்க சும்மா நடுவுல நில்லுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் விழுந்த ஆளுக்கு மிச்சம் விழுந்த இடம்.

இந்த லட்சணத்தில் நாங்கள் நன்றாகவே ஆடினோம். முக்கியமாக, எங்களுக்கு எதிராக யாரும் எளிதில் கோல் போட முடியவில்லை. அந்தப் பெருமை என்னிடம் வந்து சேர்ந்தது. "லைப்ரரி கையில கோந்து தடவிருக்கான்யா" என்றார்கள். நான் நம்பினேன். கண்ணாடி முன் நின்று என் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்ட நாட்கள் உண்டு.

நான்காவது வருடம் காரைக்காலில் நடந்த பெரிய போட்டிக்கு எங்களை முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் சுற்றில் இரண்டு ஆட்டம், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில். அந்தச் சமயம் பார்த்து அணித்தலைவரின் மச்சான் ஒருவன் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்து இறங்கினான். ஓடினால் மணல் பறக்கும்.

அணித்தலைவர் என்னைத் தோப்புக்குள் அழைத்துப் போனார்.

"நீ சொல்லு கீப்பரு. நடுவுல நிக்கிறாரே, அவரு ஒரு கோல் போட்டுருக்காரா?"

"இல்லண்ணே."

"ஓடுறாரா?"

"ரொம்ப இல்ல."

"விழுந்து பொரண்டு பந்த எடுத்துருக்காரா? சட்டையில மண்ணு பட்டுருக்கா?"

யோசித்தேன். அவர் சட்டையில் மண்ணைப் பார்த்த ஞாபகம் இல்லை.

"அப்பறம் எதுக்கு அவரு? மச்சான எறக்கிருவமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உங்கள் இஷ்டம் என்று நழுவியிருக்கலாம். நான் சொன்னது: "வேகமான ஆளு இருந்தா நல்லதுதாண்ணே."

அந்தச் செய்தியை அவரிடம் கொண்டுபோகும் வேலையும் எனக்கே வந்தது. வீட்டு வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சொன்னேன். ஊசி நின்றது. பிறகு ஓடியது.

"சரி தம்பி" என்றார். பிறகு, "அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, பந்து பின்னாடி ஓட வேணாம்னு. பந்து அங்க வரும்."

தலையாட்டினேன். கிளம்பும்போது கதவோரம் அவருடைய பழைய பூட்ஸ் இருந்தது. தோல் வெடித்து, நுனி தேய்ந்து, எத்தனையோ கால் மாறி வந்த பூட்ஸ். அதில் பளீரென்று புதிய வெள்ளை நாடா கோத்திருந்தது. அந்த வெள்ளை நிறம் சைக்கிளில் என்னோடு தலத்தெரு வரைக்கும் வந்தது. அவர் சொன்னதை மச்சானிடம் நான் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்தார், பேருந்தில், தனியாக. என் கோலுக்குப் பின்னால் வலையை ஒட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார். மச்சான் மைதானம் முழுக்கப் பறந்தான். வடக்கே பந்து போனால் வடக்கே, தெற்கே போனால் தெற்கே. கூட்டம் கத்தியது. பின்னாலிருந்து மெதுவான குரல்.

"தம்பி, முன்னாடி காலியா இருக்கு."

நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி, "தம்பி, நடுவுல ஆளு இல்ல. காலியா இருக்கு."

இடம் போன எரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். "நீங்க சும்மா இருங்கண்ணே, எனக்குத் தெரியும்" என்றேன்.

நான்கு கோல் வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் எதிரணிக்காரன் பந்தோடு நேராக எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான், வாசல் திறந்திருந்த வீட்டுக்குள் வந்தவன் மாதிரி. நான்காவது கோலுக்குப் பிறகு வலையைத் தூக்கிப் பந்தை எடுத்து என் கையில் வைத்தவர் அவர்தான்.

திரும்பி வந்த வேனில் எல்லாரும் சொன்னார்கள். "கோந்து காஞ்சிருச்சு டோய்!" "ஏம்ப்பா லைப்ரரி, கோல்ல நின்னுக்கிட்டுப் பொஸ்தகம் படிச்சியா?" அணித்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் தோத்தா மூட்டயக் கட்டணும். வேற கீப்பரு பாக்கணும்ப்பா" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. தலத்தெருவில் இறங்கும்போது யாரும் 'வரேன்' சொல்லவில்லை.

கை போய்விட்டது என்றே நம்பினேன். திங்கள்கிழமை நூலகத்தில் ஒரு இரும்புப் பெட்டி காத்திருந்தது. பிரான்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று ஊரில் காலமான ஒருவரின் வீட்டார் கொடுத்தனுப்பிய பெட்டி. உள்ளே எல்லாம் பிரெஞ்சுப் புத்தகங்கள். பட்டியல் போடும் பொறுப்பு என் தலையில். சமையல், தோட்டம், பூனை வளர்ப்பு. அடியில் அட்டை கிழிந்துபோன ஒரு கால்பந்துப் புத்தகம். பள்ளியில் படித்த என் பிரெஞ்சு முக்கால்வாசி துருப்பிடித்திருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் செய்த தப்பு என்ன என்று கண்டுபிடிக்க, கோல்கீப்பர் அத்தியாயத்தைத் தேடினேன்.

இரண்டரைப் பக்கம்தான் இருந்தது. அதன் முதல் பத்தி என்னைத் திருப்பி அனுப்பியது: இதைப் படிப்பதற்கு முன் உனக்கு முன்னால் நிற்பவனைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு வா என்கிற மாதிரி.

அந்த அத்தியாயம் இருபத்திரண்டு பக்கம்.

மூன்று நாள் படித்தேன். ஒரு வரிக்கு நாலு தடவை அகராதி. வேகமாகப் படிக்கத் தெரிந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். பின்களத்துக்குச் சற்று முன்னால் நிற்கும் ஒருவனைப் பற்றி, அவன் ஓடாமல் இருப்பதைப் பற்றி, இருபத்திரண்டு பக்கம் எழுத ஓர் ஆளுக்குப் பொறுமை இருந்திருக்கிறது. அவனுடைய வேலையைப் பார்க்க முடியாது, நடக்காமல் போனவற்றில்தான் அது இருக்கிறது என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். எதிரணி அந்தப் பக்கம் வேண்டாம் என்று திரும்பிப் போன தடவைகள். கொடுக்கலாம் என்று நினைத்துக் கொடுக்காமல் விட்ட பந்துகள். கீப்பருக்கு வேலையில்லாத மத்தியானம் ஒன்று வாய்த்தால், அது அவன் உழைத்த மத்தியானம். படம் ஒன்றும் போட்டிருந்தது: ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றிக் கோடு கோடாக நிழல். பந்து வருவதற்கு முன் அவன் இரண்டு தோளுக்கு மேலும் பார்க்க வேண்டும் என்று படத்துக்குக் கீழே இருந்தது.

வலது தோள். இடது தோள். அந்த வரியை அகராதி இல்லாமலே படித்தேன்.

நூலகக் கார்டு ஒன்றின் பின்பக்கம் மைதானத்தை வரைந்து, வாங்கிய நான்கு கோலுக்கும் பந்து வந்த வழியைக் கோடு போட்டேன். நான்கு கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. ஆறாம் எண் பனியன் நிற்கும் இடம். உதிர்ந்த எண். தூண்டில் முள். என் கையில் கோந்து எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு திருவேட்டக்குடிக்கு மிதித்தேன். கரைவலை வந்துகொண்டிருந்தது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் சாய்ந்து இழுத்தார்கள். வலையின் இரண்டு கையும் கரையை நெருங்க, நடுவில் திறந்த வாய், அந்த வாயில் அவர். மார்பளவு நீர். உள்ளங்கையால் தண்ணீரை அடித்தார், ஓரிரு எட்டு நகர்ந்தார், அடித்தார். அடிப்பதற்கு முன் வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். எத்தனை காலை இதைப் பார்த்திருக்கிறேன்.

அணித்தலைவர் வடக்குக் கயிற்றின் முன்னால் இருந்தார். அவர் பக்கத்தில் நடந்தபடியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவரை இறக்கணும், புத்தகத்தில் போட்டிருக்கிறது.

"பொஸ்தகமா? பொஸ்தகம் வந்து காலு போட்டு ஆடுமா?"

கயிற்றில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணே, அப்ப அவர இப்ப கரைக்கு வரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"தண்ணியில சும்மாதான நிக்கிறாரு? கயித்த இழுத்தாரா? ஒரு மீனு புடிச்சாரா?"

"கூறுகெட்டத்தனமா பேசாதப்பா. அவரு கரைக்கு வந்துட்டா உள்ள இருக்க மீனு பூரா அந்த வாய் வழியா..."

நிறுத்திவிட்டார். கை மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்தார். தண்ணீரை அடிக்கும் ஓசை ஒரு ஏழெட்டுத் தடவை கேட்டது.

"தலத்தெருக்காரனுக்கு இருக்க கொழுப்பப் பாத்தியா" என்றார் பின்னால் இருந்தவரிடம். அப்புறம் என்னிடம், குரலை இறக்கி, "வரச் சொல்லு. மச்சான நான் பாத்துக்கிறேன். நீயும் வந்து தொல."

வலை கரை சேர்ந்ததும் அவரிடம் சொன்னேன். முகத்தில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "எத்தன மணிக்கு வேனு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அதன் அழகு. அணித்தலைவர் வடக்கு ஓரத்திலிருந்து அடித்த ஒரு கோலில் ஜெயித்தோம். நான் பந்தைத் தொட்டது மூன்று தடவை, மூன்றும் சாதுவான பந்து. அன்று நான் பந்தைப் பார்க்கவில்லை. வெள்ளை நாடாவைப் பார்த்தேன். அது இரண்டு எட்டு வலப்பக்கம் நகரும், எதிரணிக்காரன் ஒருவன் பந்தை வேறு பக்கம் திருப்பிவிடுவான். ஓர் எட்டுப் பின்னால் வரும், இன்னொருவன் யோசித்து நிற்பான். கோலுக்குப் பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்: "என்னய்யா மேட்ச்சு இது, தூக்கம் வருது." அந்தக் கொட்டாவியை அவருக்கு ஒரு கோப்பையாகக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கூட்டம் அணித்தலைவரைத் தூக்கியது. ஆறாம் எண்காரர் ஓரமாக உட்கார்ந்து வெள்ளை நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அரையிறுதியில் பெனால்டியில் தோற்றோம். பெனால்டியில் எனக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாதாம், விதி.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தத் தோல்வியில் இல்லை. ஜெயித்த ஞாயிற்றுக்கு மறுநாள் சாயங்காலத்தில். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். படகு நிழலில் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "ஒங்களப் பத்தி எழுதியிருக்குண்ணே" என்றேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஊசி ஓடிக்கொண்டிருந்தது. பின்களத்துக்குப் பத்து எட்டு முன்னால் நிற்க வேண்டும் என்ற இடம் வந்ததும், "பத்தா?" என்றார்.

"ஆமாண்ணே, பத்து."

"எதுத்த காத்துக்குப் பத்து பத்தாது தம்பி. பந்து தொங்கிக்கிட்டு முன்னாடியே விழுந்துரும். பன்னண்டு."

பென்சிலால் ஓரத்தில் பன்னிரண்டு என்று குறித்தேன். இருபத்திரண்டு பக்கமும் முடிந்தது. அவர் நூலைப் பல்லால் கடித்தார்.

"இத எழுதுனவரு எங்கேருந்து பாத்தாராம்?"

"தெரியலண்ணே. அட்ட கிழிஞ்சிருக்கு. பேரே இல்ல."

"வெளியில ஒக்காந்து பாத்தா இது தெரியாது. வெளியிலேருந்து பந்துதான் தெரியும்." ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். "கீப்பரா இருந்துருப்பாரு. நம்ம முதுகயே பாத்துக்கிட்டு நிக்கிறவருக்குத்தான தெரியும், நாம என்ன பண்றோம்னு."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். வலது தோளுக்கு மேல் பார்த்தார், இடது தோளுக்கு மேல் பார்த்தார், அடுத்த கண்ணியை எடுத்தார்.

"ஆமாண்ணே" என்றேன்.

விரலை உள்ளே வைத்தபடி புத்தகத்தை மூடினேன். நான்கு வருடம் நான் நின்ற இடத்துக்கும் அந்த முதுகுக்கும் இருந்த தூரத்தை மனத்துக்குள் அளந்து பார்த்தேன். முப்பது எட்டு இருக்கும். குறுக்கே ஒரு சவுக்குமரம்கூடக் கிடையாது.